கருத்துக் கேட்கிறார்களா, கையெழுத்து வாங்குகிறார்களா?

வாசகர் கேள்வி, கோண்டாவிலில் இருந்து – 17 மே 2025

எங்கள் பக்கம் வெள்ளவாய்க்கால் திட்டம் ஒன்றுக்கு ‘மக்கள் கருத்தறியும் கூட்டம்’ என்று கிராம சேவையாளர் (ஜீ.எஸ்.) வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். வேலை நாள், காலை பத்து மணி. போன வருடமும் இப்படி ஒன்றுக்குப் போய் மத்தியானம் வரை இருந்தேன். மேடையில் இருந்தவர்கள் கதைத்தார்கள், நாங்கள் கேட்டோம். எல்லாம் முடிவெடுத்த பிறகுதானே கூப்பிடுகிறார்கள்? இது சுத்தக் கண்துடைப்பு. போகாமல் விட்டால் என்ன?

17 மே, இரவு

கண்துடைப்பு என்று சொல்லிவிட்டால் வீட்டில் இருக்க நல்ல காரணம் கிடைத்துவிடும். எனக்கும் அந்தக் காரணம் பல வருடம் உதவியிருக்கிறது.

போவதா விடுவதா என்று யோசிக்க முதல் ஜீ.எஸ்.ஸிடம் ஒன்று கேளுங்கள்: இந்தக் கூட்டம் எந்தச் சட்டத்தின் கீழ்? கொள்கை ஒன்றை எழுத முன் மக்களிடம் கேட்டே ஆகவேண்டும் என்று எல்லாத் திணைக்களங்களையும் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் இலங்கையில் இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது. மின்கட்டணத்துக்கு ஒரு விதி, பெரிய கட்டுமானங்களின் சுற்றாடல் அறிக்கைக்கு இன்னொரு விதி, காணிக்கு வேறு. சட்டத்தின் பெயர் சொன்னாரென்றால் போங்கள், எழுதிக்கொண்டு போங்கள். ‘மேலிடத்தில் இருந்து நடத்தச் சொன்னார்கள்’ என்றால் நீங்கள் சொல்வதைக் கேட்கவோ பதில் தரவோ அங்கே ஒருவருக்கும் கடமை இல்லை. அதற்கும் போகலாம், ஆனால் என்ன எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

18 மே

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வாசலில் ஒரு கொப்பி வைத்திருப்பார்கள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. அதைக் கவனியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து றோட்டை அகலிக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். நானும் போனேன், கொப்பியில் கையெழுத்தும் வைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் ஒன்றரை மணித்தியாலம் வரவேற்புரை, தலைமையுரை, திட்ட விளக்கம். மிச்சத்தில் அரைவாசி ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி தன் சேவைக்காலம் பற்றிப் பேசினார். மதில் உடைபடப் போகிற வீட்டுக்காரர்கள் வாய் திறக்கவே நேரம் இல்லை. பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா மதிலை உடைக்கக் கூடாது என்று அலுவலகத்துக்குப் போனபோது, அந்தக் கொப்பியின் போட்டோக்கொப்பியை எடுத்துக் காட்டி, ‘நீங்களும் சம்மதித்துத்தானே இருக்கிறீர்கள்’ என்றார்களாம். அவர் சம்மதித்தது பிளேன்ரீக்கும் ரோல்ஸுக்கும் மட்டும்.

அன்றிலிருந்து நான் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘வந்தேன், சம்மதம் பற்றிக் கேட்கப்படவில்லை’ என்று எழுதுவது வழக்கம். முதல் தடவை கொப்பியோடு இருந்த பிள்ளை ‘மாஸ்டர், இது வரவு இடாப்பு’ என்று சிரித்தது. எனக்குப் பின்னால் நின்றவரும் அதையே எழுதினார். சிரிப்பு நின்றது.

18 மே, பின்னேரம்

ரோல்ஸ் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள், மதில் பற்றி ஒருவரும் இல்லை. எங்கள் ஊர் ஊர்தான்.

21 மே

ஏழாலையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘காணி வர்த்தமானியும் ஒரு வகைக் கருத்துக் கேட்பா?’

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மார்ச் 28 ஆம் திகதி அரசாங்கத்தின் வர்த்தமானியில் வந்த அறிவித்தல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கர், யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், கோராவிட்டால் அரச காணியாகிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் மக்களிடம் கேட்கிற மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் வழமையான கூட்டத்தில் நீங்கள் பேசாமல் இருந்தால் உங்கள் கருத்து மட்டும் பதிவாகாமல் போகும். இங்கே பேசாமல் இருந்தால் காணியே போகும்.

அதுவும் எப்படிப்பட்ட ஆட்களிடம் கேட்கிறார்கள்? இரண்டு மூன்று தரம் இடம்பெயர்ந்து காணி உறுதியைத் தொலைத்தவர்கள். உறுதி அப்பாவின் பெயரில், அப்பா இல்லை, பிள்ளைகள் ஐந்து நாட்டில். கரையோரக் கிராமங்களில் பரம்பரையாக இருந்தவர்களுக்கு வாய்ச் சொல்தான் உறுதி. இவர்களில் எத்தனை பேர் வர்த்தமானியைத் தேடி வாசிக்கிறவர்கள்? அறிவித்தல் கொடுத்தோம் என்று திணைக்களம் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்கிறவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

24 மே

தன் காணிக்கு என்ன செய்வது என்று கனடாவில் இருந்து எழுதியவருக்கு: காணி விஷயத்தில் என் வாயால் சட்ட ஆலோசனை கேட்காதேங்கோ. நான் படிப்பித்தது புவியியல். அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரம்) எழுதி இங்கே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுப்பதும், ஒரு நொத்தாரிசைப் பார்ப்பதும்தான் எனக்குத் தெரிந்த வழி. நம்பிக்கையான ஒருவர் என்பதில் அழுத்தம்.

29 மே

கோண்டாவில்காரர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்: திரையில் வரைபடம் போட்டார்கள், ஒப்பந்தகாரரைத் தெரிவு செய்தாகிவிட்டது, ஆண்கள் முன்வரிசையில் இருந்து அரசியல் கதைத்தார்கள். மாதர் சங்கத்தில் இருந்து வந்த ஒரு அக்கா பின்னால் இருந்து எழும்பி, நீங்கள் மதகு போடப் போகிற இடத்தில் மாரியிலேயே தண்ணீர் நிற்பதில்லை, இருபது யார் தள்ளி வாசிகசாலைக்குப் பின்னால்தான் முழங்கால் அளவு நிற்கிறது, இடையில் ஒரு மதில் எழும்பிவிட்டது என்றிருக்கிறார். பொறியியலாளர் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாராம்.

எழுதிக்கொண்டது நல்லது. இனிச் செய்ய வேண்டியது: அந்த அக்கா சொன்னதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் பிரதேச செயலாளருக்கு அனுப்பி, பிரதியை அரசாங்க அதிபருக்குப் போடுங்கள். கூட்டறிக்கையின், அதாவது கூட்டத்தில் கதைத்ததை எழுதிய பதிவின், பிரதி ஒன்றையும் கேளுங்கள். வாயால் சொன்னது அந்த மண்டபத்தைத் தாண்டாது. பதிவுத் தபாலுக்கு ஒரு துண்டு கிடைக்கும், அந்தத் துண்டைத் தொலைக்காதேங்கோ.

12 ஜூன்

மின்கட்டணம் 15 வீதம் கூடியது பற்றி எல்லோரும் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். திட்டுங்கள். ஆனால் இந்த இழைக்குப் பொருத்தமான பகுதி வேறு. மின்சார சபை கேட்டது 18.3 வீதம். ஜனவரியில் சபை, இருக்கிற கட்டணம் அப்படியே இருக்கட்டும் என்றது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சராசரியாக 20 வீதம் குறைத்தது. இரண்டு தரமும் இடையில் மக்கள் கருத்துக் கேட்டார்கள், எழுத்திலும் வாய்மொழியிலும். சபையின் முன்மொழிவு இணையத்தில் இருந்தது, எவர் வேண்டுமானாலும் கணக்கைத் தட்டிப் பார்க்கலாம்.

நானும் ஒரு கடிதம் அனுப்பினேன். வீட்டுப் பாவனையாளர்களின் கட்டண நிரல் பற்றி இரண்டு பந்தி. அதனால் ஒரு சதம் குறைந்தது என்று சொல்லமாட்டேன்.

15 ஜூன்

‘அப்ப மக்கள் சொல்லித்தான் குறைத்தார்களா மாஸ்டர்?’ என்று நல்லூர்த் தம்பி ஒருவர் கொழுவுகிறார்.

இல்லைத் தம்பி. மழை எவ்வளவு, நீர்த்தேக்கத்தில் எவ்வளவு, எரிபொருள் விலை என்ன, கையில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கில்தான் பெரும்பங்கு. ஆனால் கருத்துக் கேட்கிறவரும் திட்டத்தைக் கொண்டுவருகிறவரும் அங்கே வேறு வேறு ஆட்கள். சபை கேட்கிறது, ஆணைக்குழு முடிவெடுக்கிறது, எடுத்த முடிவுக்குக் காரணம் எழுதி வெளியிடுகிறது. கோண்டாவில் வாய்க்காலில் திட்டம் போட்டவர்களே கருத்தும் கேட்டு, அறிக்கையும் எழுதி, ‘மக்கள் வரவேற்றார்கள்’ என்று தாங்களே முடித்துவிடுவார்கள். நான் முதலில் ‘எந்தச் சட்டம்’ என்று கேட்கச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், ‘முடிவெடுப்பது யார், அவர் இந்த மண்டபத்தில் இருக்கிறாரா’ என்ற கேள்வி அதைவிட முந்த வேண்டும்.

28 ஜூன்

நேற்று உயர் நீதிமன்றம் காணி வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. தமிழரசுக் கட்சியின் சட்டத்தரணி சுமந்திரன் போட்ட வழக்கு. மார்ச் 28 இலிருந்து எண்ணினால் மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது தடை வந்திருக்கிறது.

சந்தோசம்தான். ஆனாலும் நீதிமன்றம் போய்த்தான் நிறுத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சந்தோசம் அரைவாசியாகிறது. மார்ச்சுக்கு முன்னால் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒரு மேசை போட்டு, ‘இந்தத் துண்டுகளுக்கு ஆவணம் இல்லை, உங்களிடம் என்ன இருக்கிறது’ என்று கேட்டிருந்தால் அரைவாசிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். எங்கள் விதானைமாருக்கு யாருடைய காணி எது என்று தெரியாதா?

29 ஜூன்

விதானை என்று எழுதியதற்கு இரண்டு இளம் கிராம சேவையாளர்கள் கோபித்திருக்கிறார்கள். சரி, கிராம அலுவலர். எங்கள் தலைமுறைக்கு அது வாயில் வராது.

6 ஜூலை

மழை இல்லாத ஞாயிறு, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

யாரிடம் கேட்பது என்பதில் பிழைத்தால் எத்தனை வருடம் போகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் குழாய்தான் சாட்சி. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. ஆறு இல்லை, கிணறுதான். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து நைத்திரேற்று ஏறுகிறது, கரைப்பக்கம் உப்பு ஏறுகிறது. அதனால் 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் வந்தது. தண்ணீர் எங்கிருந்து? இரணைமடுக் குளத்தில் இருந்து.

யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் குடிதண்ணீர் வேண்டும் என்றுதான் சொல்வோம். அதைக் கண்டுபிடிக்கக் கூட்டம் தேவையில்லை. ஆனால் குளம் கிளிநொச்சி விவசாயிகளின் குளம். அதை நம்பித்தான் சிறுபோகமும் பெரும்போகமும். மீள்குடியேறி, வரம்பு கட்டி, விதைநெல் தேடி முதல் போகம் வெட்டுகிற நேரத்தில் ‘உங்கள் தண்ணீர் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது’ என்றால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கமக்காரர் அமைப்புகள் உறுதியாக மறுத்தன. குளத்தை உயர்த்துவோம், மிச்சத் தண்ணீரைத்தான் எடுப்போம் என்ற சமாதானங்கள் எடுபடவில்லை. வருடங்கள் போயின. கடைசியில் கடல்நீரைச் சுத்திகரிக்க தாளையடியில் நிலையம் கட்டினார்கள், ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர், 2024 ஓகஸ்ட்டில் திறந்தார்கள். அதற்கும் மருதங்கேணிப் பக்கத்து மீனவர்கள் எதிர்ப்புச் சொன்னார்கள், உப்புக்கழிவு கடலுக்குப் போனால் மீன் என்னாகும் என்று.

கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறையச் செலவாகும், அதனால் எங்கள் தண்ணீர் இப்போது விலை கூடிய தண்ணீர். பயன் பெறுகிறவர்களின் சம்மதத்தைப் பெறுவது சுலபம். இழக்கிறவர்களை முதல் நாளே கூப்பிட்டு இருத்துவதற்குத்தான் துணிவு வேண்டும், அந்தத் துணிவு அப்போது ஒருவருக்கும் வரவில்லை.

7 ஜூலை

கிளிநொச்சியில் இருந்து ஒருவர்: ‘யாழ்ப்பாணத்தார் இப்பவாவது ஒத்துக்கொள்கிறீர்களே, அதுவே பெரிய விசயம்.’ அண்ணை, நான் என் வீட்டுச் சார்பில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மாவட்டத்தின் சார்பில் கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்லை, கொப்பியும் இல்லை.

20 ஜூலை

‘கேட்டால்தானே சொல்லலாம், எங்களிடம் ஒருவரும் கேட்பதில்லை’ என்று சண்டிலிப்பாயில் இருந்து ஒரு பிள்ளை. வயது இருபதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். 2016 தெரிந்திருக்காது.

அந்த வருடம் எங்களைக் கேட்டுக் களைக்க வைத்தார்கள் மகள். அரசியலமைப்புக்கு லால் விஜேநாயக்க தலைமையில் ஒரு குழு ஊர் ஊராக வந்து கேட்டது, மே மாதம் அறிக்கை கொடுத்தது. போருக்குப் பிறகான நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கு மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் ஒரு செயலணி. அதற்கு நாடு முழுவதிலும் இருந்து 7,306 சமர்ப்பணங்கள் போயின.

என் சின்னம்மாவும் போனார். மகனைத் தேடுகிறவர். அதற்கு முன்னால் ஆணைக்குழுக்களுக்கும் சொன்னவர், படிவங்களும் நிரப்பியவர். ஒவ்வொரு தரமும் முதலில் இருந்து சொல்ல வேண்டும், என்ன நிறச் சேட்டு, எந்தச் சந்தி, எத்தனை மணி. அந்தச் செயலணியில் இருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், அழ விட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள் என்று வந்து சொன்னார். அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 ஓகஸ்ட்டிலேயே பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. செயலணியின் முழு அறிக்கை வந்தது 2017 ஜனவரி 3. எந்த அலுவலகம் பற்றி அம்மாமாரிடம் கேட்டார்களோ, அதற்கான சட்டம் அறிக்கைக்கு முன்னரே முடிந்துவிட்டது. அவசரமாக ஒரு இடைக்கால அறிக்கை கொடுத்தார்கள், அது வேறு. முழு அறிக்கையை வாங்க ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா வாங்கினார்.

சின்னம்மா இப்போது ஒரு கூட்டத்துக்கும் போவதில்லை. நான் கூப்பிடுவதும் இல்லை. மேலே மே மாதத்தில் ‘வீட்டில் இருக்கக் காரணம்’ என்று பகிடியாக எழுதினேனே, அந்தப் பகிடி அவரைப் போன்றவர்களுக்கு இல்லை.

3 ஓகஸ்ட்

சட்டமூலங்களுக்கு எங்கே கருத்துச் சொல்வது என்று கேட்டவருக்கு: வர்த்தமானியில் வந்த பிறகு அமைச்சு கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் உயர் நீதிமன்றம்தான், அதற்கும் குறுகிய காலம். நிறைவேறி சபாநாயகர் சான்று வைத்தால் அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்க முடியாது. இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்து 2024 ஜனவரி 24 இல் நிறைவேறியது, இடையில் மனுக்களின் பெருவெள்ளம். அவ்வளவு பேரும் முதலே ஒரு அறையில் இருந்து கதைத்திருக்கலாம்.

10 ஓகஸ்ட்

வாய்க்கால் கடிதத்துக்குப் பதில் வரவில்லையாம். சரி, அடுத்த படி.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கம். எல்லோரும் கேள்வி கேட்கத்தான் அதைப் பாவிக்கிறோம். 9 ஆம் பிரிவை ஒருவரும் பார்ப்பதில்லை. உள்நாட்டுப் பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்க மூன்று மாதம் முன்பே அதன் விபரங்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டியது அமைச்சரின் கடமை. வெளிநாட்டுப் பணமென்றால் எல்லை ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். இப்போதைய விலையில் ஒரு ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டாலே ஐந்து இலட்சம் தாண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் எத்தனை திட்டத்துக்கு மூன்று மாதம் முதலே சொன்னார்கள்?

ஆகவே கேளுங்கள்: வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, கருத்தறியும் கூட்டத்தின் கூட்டறிக்கை. காரணம் சொல்லத் தேவையில்லை. தருவார்களா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

17 ஓகஸ்ட்

என்னிடம் படித்த ஒரு பெடியன் இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தர். இந்த இழையை வாசித்துவிட்டு நேற்று வீட்டுக்கு வந்தான். ‘சேர், எங்களையும் கொஞ்சம் பாருங்கோ. எங்களுக்கு வாற படிவத்தில் எத்தனை ஆண், எத்தனை பெண் வந்தார்கள் என்பதற்குப் பெரிய பெட்டி, என்ன சொன்னார்கள் என்பதற்கு இரண்டு வரி. படம் நாலு அனுப்ப வேணும். திட்டத்தின் காசு டிசம்பருக்கு முதல் முடியாவிட்டால் திரும்பிப் போய்விடும். மக்கள் மாத்தச் சொன்னார்கள் என்று எழுதினால் மேலிடம் என்னைத்தான் கேட்கும்.’

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மதகை இருபது யார் தள்ளுவதற்கு மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், அனுமதி எடுக்க வேண்டும், அதற்குள் வருடம் முடிந்துவிடும். கருத்துக் கேட்கும் நாளைத் தீர்மானிப்பது மக்களும் இல்லை, அவனும் இல்லை, நிதியாண்டு. வருடத் தொடக்கத்தில் கேட்டால் மாற்ற இடம் இருக்கும். அப்போது திட்டமே வந்திருக்காது என்கிறான்.

கிளம்பும்போது, ‘சேர், அந்த வரவு இடாப்பில் எழுதுகிற வேலையை மட்டும் விடுங்கோ, திருப்பி எழுத வேண்டியிருக்கு’ என்றான். விடமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். பிளேன்ரீ கொடுத்துத்தான்.

18 ஓகஸ்ட்

மன்னார்க் காற்றாலை போன்ற திட்டங்களுக்கு மக்களிடம் கேட்க வேண்டாமா என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. அளவில் பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதி, மக்கள் பார்க்க 30 வேலை நாள் வைக்க வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988 திருத்தத்தோடு வந்த ஏற்பாடு. சின்னத் திட்டமென்றால் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்ற சின்ன அறிக்கை போதும். 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதைக் கருத்துக்காக விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே எந்த அறிக்கை எழுதுவது என்று அலுவலகத்துக்குள் தீர்மானிக்கிற நேரத்திலேயே உங்களிடம் கேட்பதா இல்லையா என்பதும் தீர்மானமாகிவிடும். பெரிய அறிக்கை என்றால் சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு விடாதேங்கோ, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பது பின்னிணைப்பில்தான் இருக்கும்.

15 ஒக்டோபர்

மின்சார சபை இந்த முறை 6.8 வீதம் கேட்டது. நேற்று ஆணைக்குழு முடியாது என்றுவிட்டது. இந்தத் தடவை நான் கடிதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குப் பெருமை கூடியிருக்கும் என்று மனைவி சொல்கிறார், எழுதாததால்தான் சரிவந்தது என்று மகன் சொல்கிறான்.

வாய்க்கால்: தகவல் வந்துவிட்டது. கூட்டறிக்கையில் அந்த அக்கா சொன்னது ஒரு வரியில் இருக்கிறது, ‘மதகின் அமைவிடம் பற்றி ஆலோசனை கிடைத்தது’ என்று. வரைபடத்தில் மாற்றம் இல்லை. கோண்டாவில்காரர் இப்போது அந்த ஒரு வரியை இணைத்து மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு எழுதுகிறார். ‘ஆலோசனை கிடைத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏன் ஏற்கவில்லை என்பதையும் எழுதித் தாருங்கள்’ என்று கேட்கச் சொன்னேன்.

கடைசியாகக் கேட்டவருக்கு: ஓம், தகவல் கேட்கும் விண்ணப்பத்தைக் கையால் தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் தகவல் அலுவலரிடம் வாயால் சொல்லுங்கள், எழுதித் தர வேண்டியது அவருடைய வேலை. ஏற்றுக்கொண்டதற்குத் துண்டு வாங்காமல் வெளியே வராதேங்கோ.